முதலில் நெம்மேலியில் இறங்கு

786

மாமல்லபுரம்
8 ஜனவரி 2025

அன்புத் தம்பி அய்மனுக்கு,

அண்ணன் ஜெயினுலாபுதீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே எல்லோரும் சுகம். நீ சுகம் என்று ஷஃபானா சொல்கிறாள். உன் கையெழுத்தில் பார்த்தால்தான் நான் நம்புவேன். போன் போட்டால் எடுப்பதில்லை. கட்டிய மனைவியிடம்கூட "கால் தேவலை" என்று ஒரு வரி பேசிவிட்டு வைத்துவிடுகிறாயாம். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது பார், அதனால்தான் கூரியரில் போடுகிறேன். நெம்மேலியிலிருந்து சதுரங்கப்பட்டினம் வரைக்கும் குப்பம் குப்பமாக சைக்கிளில் நைலான் கயிறு விற்றவன் நான். திறக்காத கதவின் முன்னால் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

உன் கப்பல் மூழ்கியது என்று செய்தி வந்தது முதல் நீ உயிரோடு கரையேறியது தெரிந்தது வரைக்கும் இந்த வீடு எப்படி இருந்தது என்பதை எழுதப் போவதில்லை. அது முடிந்துபோனது. இப்போது நீ இந்த ஊருக்குப் பெரிய ஆள். நடுக்கடலில் இரண்டு பேரை மிதவையில் இழுத்துப் போட்டு விடியும்வரை காப்பாற்றினாய் என்று பேப்பரில் உன் படத்தோடு வந்துவிட்டது. கயிறு வாங்க வருகிறவன் கயிற்றைப் பார்க்காமல் உன்னைப் பற்றியே கேட்கிறான். வியாபாரிகள் சங்கத்தில் வரவேற்பு வைக்க வேண்டும் என்கிறார்கள். நானும் சரி என்றேன். ஏன் என்று கேட்காதே, நம் வீட்டுப் பிள்ளையை ஊர் கொண்டாடினால் எனக்குப் பிடிக்கும்.

நெம்மேலி குப்பத்தில், உன்னோடு கப்பலேறிய கார்த்தியின் வீட்டுக்கும் போய் வந்தேன். அவன் அம்மா ஜோதிலட்சுமி கதவைத் திறந்தார், நாற்காலியைத் துடைத்துப் போட்டார், ஒரு வார்த்தை பேசவில்லை. உடல் கிடைக்காமல் கருமாதி செய்யக் கூடாது என்று சொந்தக்காரர்களைத் திருப்பி அனுப்பிவிட்டாராம். நானும் எவ்வளவு நேரம் சும்மா உட்கார்வது? எழுந்து வந்துவிட்டேன்.

கம்பெனி கொடுத்த டிக்கெட்டை இரண்டு முறை வேண்டாம் என்றாயாம். காரணத்தை எழுது. காரணம் சரியாக இருந்தால் ஏற்றுக்கொள்கிறேன். இல்லையென்றால் நானே டிக்கெட் போடுகிறேன்.

உன் அண்ணி சைதூன் சலாம் சொல்லச் சொன்னாள்.

அன்புள்ள அண்ணன்,
ஜெயினுலாபுதீன்

*

சீரோஸ் தீவு, கிரீஸ்
24 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

வஅலைக்கும் ஸலாம். கால் எலும்பு கூடிவிட்டது. மாலுமிகள் தங்கும் விடுதியில் இருக்கிறேன். பகலில் பக்கத்துப் படகுப் பட்டறையில் இன்ஜின் வேலை செய்கிறேன். குளிர் கடுமை. சாப்பாட்டில் காரம் கிடையாது. மற்றபடி குறையில்லை.

விடுதிக்கு சோஃபியா டீச்சர் என்று ஓய்வுபெற்ற ஒரு அம்மா வருவார். எங்களைப் போலக் கரையொதுங்கியவர்களுக்கு சூப் கொண்டுவந்து கொடுத்து, எனக்குப் புரிகிற இங்கிலீஷில் கதையும் சொல்வார். இந்த ஊர்ப் பழைய காவியம். சண்டைக்குப் போன ஒரு தீவு ராஜா, சண்டை முடிந்து கப்பலில் வீடு திரும்புகிறான். கடல் அவனை விடவில்லை. கிளம்பி இருபது வருடம் கழித்துத்தான் வீடு போய்ச் சேர்கிறான். அதற்குள் வீட்டில் வேண்டாதவர்கள் வந்து உட்கார்ந்து அவன் சோற்றையே தின்றுகொண்டு, அவன் மனைவியைக் கல்யாணம் பண்ணிக்கொள்ள வரிசையில் நிற்கிறார்கள். அவளோ ஒரு துணியை நெய்து முடித்துவிட்டுப் பதில் சொல்கிறேன் என்று சொல்லி, பகலில் நெய்ததை இரவில் பிரித்துவிடுகிறாள்.

விடுதியில் எல்லோரும் அந்த மனைவியைப் பற்றித்தான் கேட்டார்கள். நான், அவனோடு கப்பலில் போன மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டேன். ஒருவரும் திரும்பவில்லையாம். அவன் மட்டும்தான். அவர்கள் வீடுகளுக்கு யார் போய்ச் சொன்னார்கள் என்று கேட்டேன். டீச்சர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். அப்படி ஒரு இடம் கதையில் இல்லை என்றார்.

ஒருத்தனுக்கு மட்டும் மரியாதை நடந்ததாம். செத்துப்போன ஒரு கூட்டாளி ராஜாவின் முன்னால் ஆவியாக வந்து, நான் வலித்த துடுப்பை என் மண்மேட்டின் மேல் நட்டு வை என்று கேட்டானாம். ராஜா அதற்காகவே திரும்பப் போய் நட்டு வைத்தானாம். அதைக் கேட்டுவிட்டு எழுந்து வெளியே போய்விட்டேன்.

வரவேற்பு வேண்டாம், அண்ணே. டிக்கெட்டும் வேண்டாம். நான் இப்போது வருவதாக இல்லை. ஷஃபானாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நீங்கள் சொல்லிவிடுங்கள்.

அய்மன்

*

786

மாமல்லபுரம்
5 பிப்ரவரி 2025

அன்புத் தம்பி அய்மனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கடிதம் வந்தது. இரண்டு முறை படித்தேன். ஷஃபானாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை, கடிதத்தையே கையில் கொடுத்துவிட்டேன். சிறுசேரி ஆபீசிலிருந்து வந்த களைப்போடு நின்றபடியே படித்தாள். "துணி நெய்ய எனக்குத் தெரியாது அண்ணே. ஆனா இந்த வீட்டை விட்டு நான் எங்கயும் போகலைன்னு எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன்.

உன் ராஜா கதையை நான் எட்டாம் வகுப்புப் படித்தவன் மூளையோடு யோசித்துப் பார்த்தேன். அந்த ராணி கெட்டிக்காரி. நாளைக்கு வா, நாளைக்கு வா என்று சொல்லியே ஆளை நிறுத்தி வைக்கத் தெரிந்தவள் எந்தக் கடையையும் நடத்துவாள். ஆனால் ராஜா விஷயத்தில் ஒன்று. அவனுடைய ஆட்கள் சாகட்டும் என்று அவன் நினைத்தானா? இல்லையே. பிறகு ஏன் இருபது வருடம்? கடல் அவனை விடவில்லை. உன்னை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள்? சூப் கொடுக்கிற டீச்சரா?

காரணம் போதவில்லை. ஆகவே நான் டிக்கெட் போட்டுவிட்டேன், மார்ச் நடுவில். கட்டடம் முடிவதற்கு முன்னால் திறப்பு விழாத் தேதியை அறிவிக்கிறவன் நான். பூஞ்சேரி கூட்டுச்சாலைக் கடையை அப்படித்தான் கட்டி முடித்தேன். தேதி தெரிந்துவிட்டால் கொத்தனாரும் வந்துவிடுவான், நீயும் வந்துவிடுவாய். பேனருக்கும் சொல்லியாகிவிட்டது. நெம்மேலி ஸ்டாப்பில் ஒன்று, நம் கடை வாசலில் ஒன்று. நீயும் கார்த்தியும் கப்பலுக்குக் கிளம்பும்போது விமான நிலையத்தில் எடுத்த படத்தில்தான் உன் முகம் தெளிவாக இருக்கிறது. அதைத்தான் பிரிண்டிங் கடை பிரவின்குமாருக்கு அனுப்பியிருக்கிறேன். அதிலிருந்து உன்னை மட்டும் எடுத்துப் போட்டால் வேலை முடிந்தது.

பனியன், ஸ்வெட்டர் எல்லாம் அங்கே யாருக்காவது கொடுத்துவிட்டு வா. இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது.

அன்புள்ள அண்ணன்,
ஜெயினுலாபுதீன்

*

சீரோஸ்
20 பிப்ரவரி 2025

அண்ணனுக்கு,

ஸலாம். நீங்கள் போட்ட டிக்கெட்டை ரத்து செய்யச் சொல்லிவிட்டேன். கோபப்படுங்கள், பரவாயில்லை.

எந்தப் படத்திலிருந்து என்னை மட்டும் எடுக்கிறீர்களோ, அந்தப் படத்தில் என் தோள்மேல் கிடக்கிற கை கார்த்தியுடையது. அதையும் வெட்டச் சொல்லியிருக்கிறீர்களா?

காரணம் கேட்டீர்கள். எழுதுகிறேன். கப்பல் சாயத் தொடங்கியபோது எங்கள் சமையல்காரர், வயதான பிலிப்பைன்ஸ்காரர், தன் உயிர்காப்புச் சட்டையைக் கீழே விட்டுவிட்டு மேலே ஓடிவந்து கைப்பிடியைக் கட்டிக்கொண்டு நின்றார். கார்த்தி தன்னுடையதைக் கழற்றி அவருக்கு மாட்டி, பட்டையை இறுக்கிவிட்டான். நான் கத்தினேன். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "பெருசுக்கு நீச்ச தெரியாதுடா. நெம்மேலிக்காரனுக்கு இன்னாத்துக்கு இது?" என்றான். அதற்குப் பிறகு ஒரு அலை. அவன் குரலை ஒரு முறை கேட்டேன். ஆளைப் பார்க்கவில்லை.

பேப்பரில் நான் காப்பாற்றியதாக வந்த இரண்டு பேரில் ஒருவர் அந்தச் சமையல்காரர். அவரைக் கார்த்தி ஏற்கெனவே காப்பாற்றிவிட்டான். நான் செய்தது மிதவையில் இழுத்துப் போட்டது மட்டும். ஊருக்கு அது தெரியாது. கம்பெனி ஆள் வந்து, கார்த்தி சட்டை போடாமல் அலட்சியமாக இருந்தான் என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டான். நடந்ததை எழுதிக் கொடுத்தேன், அதை அவன் விரும்பவில்லை. டீச்சர் சொன்ன காவியத்திலும் அப்படித்தான் வருகிறது, அந்தக் கூட்டாளிகள் தங்கள் புத்திகெட்ட வேலையால்தான் செத்தார்கள் என்று. செத்தவர்கள் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லையே.

அவனைக் கப்பலுக்கு அழைத்துப் போனது நான். ஜோதிம்மா என்னை நம்பித்தான் அனுப்பினார். அவர் கையால் நான் தின்ற மீனுக்குக் கணக்குக் கிடையாது. இப்போது அவர் வீட்டைத் தாண்டி மேளத்தோடு என்னைக் கூட்டிப் போவீர்கள், நான் கையாட்ட வேண்டும். அவர், "ஏன்டா கொடுக்க விட்ட?" என்று ஒரு வார்த்தை கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

பேனர் வேண்டாம். இது வேண்டுகோள்.

அய்மன்

*

786

மாமல்லபுரம்
7 மார்ச் 2025

அன்புத் தம்பி அய்மனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு பிறந்து நன்றாகப் போகிறது. கடைக்குள் ஃபேன் காற்றே கொதிக்கிறது.

உன் கடிதம் வந்தபோது நான் மதுராந்தகத்தில், ஏரி மீன் குத்தகைக்காரருக்குக் கயிறும் மிதவையும் இறக்கிக்கொண்டிருந்தேன். ஷஃபானா போனில் படித்துச் சொன்னாள். உடனே பேனரை நிறுத்தலாம் என்று கடைக்குப் போன் போட்டால், நெம்மேலியில் காலையிலேயே கட்டிவிட்டோம் முதலாளி, சூப்பராக இருக்கிறது என்கிறார்கள். என்ன சூப்பர் என்று படம் அனுப்பச் சொன்னேன். பார்த்ததும் அங்கேயே ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

பேனரில் நீ மட்டும் இல்லை. நீயும் கார்த்தியும், தோளில் கை போட்டபடி, ஆள் உயரத்துக்கு. மேலே "கடலை வென்ற வீரர்களே, வருக வருக" என்று. உன்னை மட்டும் வெட்டிப் போடு என்று பிரவின்குமாரிடம் சொன்னேனா என்று வாட்ஸ்அப்பைத் திருப்பிப் பார்த்தேன். சொல்லவில்லை. என் மனதில் சொன்னதை அவனுக்குச் சொன்னதாகவே நினைத்துவிட்டேன். அவன் மேல் தப்பில்லை. இரண்டு பேர் படம் வந்தது, இரண்டு பேருக்கும் வருக போட்டுவிட்டான்.

லோடு வண்டியிலேயே நெம்மேலிக்கு விட்டேன். ஏணியோடு போய் இறங்கினால் குப்பத்து ஆட்கள் பேனரைச் சுற்றி நிற்கிறார்கள். அடி விழும் என்றுதான் நினைத்தேன். விழவில்லை. ஏணியைச் சாய்க்க மட்டும் விடவில்லை. ஜோதியக்கா மீன் விற்கப் போகும்போது ஷேர் ஆட்டோவிலிருந்து பார்த்துவிட்டார், அவர் சொல்லும்வரை யாரும் தொடக் கூடாது என்றார்கள். ஏணியோடு திரும்பி வந்தேன்.

மறுநாள் நோன்பு திறக்கும் நேரம். கடையில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தோம். மீன் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு அவர் உள்ளே வந்தார். நான் எழுந்து மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"இன்னா பாய், பேனர கயட்டப் போறியாமே? இன்னாத்துக்கு? ஊருல கீறவன்லாம் எம் புள்ள படத்துக்கு மால போட்டு எடுத்தாந்து குடுக்கிறான். நீ ஒர்த்தன்தான் அவன வா வான்னு கூப்ட்டு வெச்சிகீற. இருக்கட்டும் உடு."

சைதூன் அவரைப் பெஞ்சில் உட்கார வைத்து ஒரு கிண்ணம் கஞ்சியைக் கையில் கொடுத்தாள். ஊதி ஊதி முழுவதும் குடித்தார். உப்புக் கம்மி என்றார். பிறகு உன்னைக் கேட்டார்.

"உந் தம்பி எங்க? ரெண்டு பேரும் ஒண்ணாத்தான போனானுங்க? கம்பெனிக்காரன் இங்கிலீசுல லெட்டர் போட்டா நான் நம்பிக்கணுமா? அய்மன் வந்து என் வூட்டு வாசல்ல நிக்கட்டும். 'ஜோதிம்மா, அவன் இல்ல'ன்னு என் மூஞ்சப் பாத்து சொல்லட்டும். அப்பால நான் அழுதுக்கிறேன்."

நீ எழுதிய சட்டை விஷயத்தை நான் சொல்லவில்லை. அது உன் சரக்கு, அதை நான் எடுத்து விற்கக் கூடாது. ஆனால் அவரே சொன்னார், கேட்டுக்கொள். கம்பெனி ஆள் அவரிடமும் போயிருக்கிறான், உங்கள் பிள்ளை உயிர்காப்புச் சட்டை போடவில்லை என்று. அதற்கு இவர், எவனாவது நடுங்கிக்கொண்டு நின்றிருப்பான், அவனுக்குக் கழற்றிக் கொடுத்திருப்பான், பள்ளிக்கூடத்துக்குப் போட்டுவிட்ட சட்டையையே அப்படிக் கொடுத்துவிட்டு வெறும் உடம்போடு வந்தவன்தானே என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். இதைச் சொல்லும்போது அந்த அம்மா சிரித்தார், அய்மன். உன் கேள்விக்குப் பதில் அவரிடம் முன்பே இருக்கிறது. உன் வாயால் கேட்கத்தான் காத்திருக்கிறார்.

சங்கத்துக்காரர்களிடம் வரவேற்பு கிடையாது என்று சொல்லிவிட்டேன். கடை வாசலுக்கு அடித்த பேனரைக் கட்டாமல் சுருட்டி வைத்துவிட்டேன். மேளத்துக்குக் கொடுத்த அட்வான்ஸ் போனது போகட்டும்.

இன்னொன்று. உன் ராஜா கதையை ஷஃபானா கம்ப்யூட்டரில் தேடி முழுதாகப் படித்துச் சொன்னாள். அவ்வளவு பெரிய ராஜா, கரையில் இறங்கியதும் நேரே தன் அரண்மனைக்குப் போகவில்லையாமே? முதலில் பன்றி மேய்க்கிற ஒருவருடைய குடிசைக்குப் போய், அவர் போட்ட சோற்றைத் தின்று, அங்கே படுத்தானாம். இதை ஏன் எனக்கு எழுதவில்லை நீ? விமான நிலையத்திலிருந்து வருகிறவனுக்கு நெம்மேலி முதலில் வரும். மாமல்லபுரம் அப்புறம்தான். வழியே அப்படித்தான் போட்டிருக்கிறது.

தேதியை இந்த முறை நீ சொல்.

அன்புள்ள அண்ணன்,
ஜெயினுலாபுதீன்

*

சீரோஸ்
17 மார்ச் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸலாம். உங்கள் கடிதத்தை சோஃபியா டீச்சருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். பேனர் என்றால் என்ன என்று புரியவைக்கவே ஒரு சாயங்காலம் ஆனது. செத்தவனுக்கு எதற்கு வரவேற்பு என்று முதலில் கேட்டார். ஜோதிம்மா சொன்னதைச் சொன்னேன். கிளம்பும்போது அவர், இந்த இடம் எங்கள் கதையில் விட்டுப்போயிருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

28ஆம் தேதி மதியம் சென்னைக்கு வருகிறேன். டிக்கெட்டை நானே போட்டேன். அந்தச் சமையல்காரர் தன் ஊரிலிருந்து கார்த்தியின் சட்டையை எனக்கு அனுப்பி வைத்திருக்கிறார். பட்டையில் அவன் பெயர் எழுதியிருக்கிறது. பெட்டியில் வைத்திருக்கிறேன்.

விமான நிலையத்துக்கு யாரும் வர வேண்டாம். நெம்மேலியில் நான் தனியாகத்தான் இறங்க வேண்டும். ஷஃபானா வருத்தப்படுவாளா? வீட்டில் காத்திருக்கச் சொல்லுங்கள். நேரமானாலும் வந்துவிடுவேன்.

அய்மன்

*

786

நெம்மேலி குப்பம்
28 மார்ச் 2025

அன்புத் தம்பி அய்மனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ சொன்னபடி நாங்கள் யாரும் விமான நிலையத்துக்கு வரவில்லை. காரை மட்டும் அனுப்பியிருக்கிறேன். டிரைவர் ஜெபகுமார் நல்ல பையன், நீ பேசினால் ஒழிய அவன் பேச மாட்டான். காரில் ஏறியதும் இதைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். வண்டி ஓடும்போதே படித்துவிடு.

மேலே இடத்தின் பெயரைப் பார்த்திருப்பாய். இதை ஜோதிம்மா வீட்டிலிருந்துதான் எழுதி அனுப்புகிறேன். ஷஃபானாவிடம் வீட்டில் காத்திரு என்று நீ எழுதியதைச் சொன்னேன். "அவர் எந்த வீட்டுக்கு மொதல்ல வராரோ, நான் அங்கதான் காத்திருப்பேன்" என்று ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே இங்கே வந்துவிட்டாள். இப்போது பின்பக்கம் ஜோதிம்மாவோடு உட்கார்ந்து மீன் ஆய்கிறாள். அவளுக்கு அது வரவில்லை, திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறாள். சைதூன் கஞ்சிக்கு அரிசி களைகிறாள், இன்றைக்கு உப்பை ஜோதிம்மாவே போடுகிறாராம். இன்று நமக்கு நோன்பு திறப்பது இங்கேதான். பயப்படாதே, வாசலில் யாரும் இருக்க மாட்டோம். நீ தனியாகத்தான் நிற்பாய். நாங்கள் பின்பக்கம் இருப்போம், அவ்வளவுதான்.

பேனரைப் பற்றி ஒன்று சொல்லி வைக்கிறேன், திடீரென்று பார்த்து மிரளக் கூடாது. ரோட்டில் இருக்கக் கூடாது என்று போலீசில் சொல்லிவிட்டார்கள். அவர்கள் வேலை அது. ஜோதிம்மா அதைச் சுருட்டித் தன் வீட்டு வாசலில் கட்டச் சொன்னார். ஒரு பக்கம் தென்னை மரம் இருக்கிறது, இன்னொரு பக்கம் வெறும் மணல். எதில் கட்டுவது என்று நான் கம்பு தேடிக்கொண்டிருந்தபோது, உள்ளே போய், கார்த்தி முன்பு மீன்பிடிக்கப் போகும்போது வலித்த துடுப்பைத் தூக்கி வந்து, இதை ஆழமாகப் புதைத்து நட்டுக் கட்டு பாய் என்றார். நட்டேன். தீவு ராஜா கதையை நான் அவரிடம் சொல்லவே இல்லை, அய்மன். ஷஃபானாவும் சொல்லவில்லை, கேட்டுவிட்டேன்.

பேச வேண்டியதை யோசித்து வைத்துக்கொண்டு வராதே. பெட்டியிலிருந்து அந்தச் சட்டையை மட்டும் கையில் எடுத்துக்கொள். துடுப்புக்குப் பக்கத்தில் நில். அவர் வெளியே வந்து கேட்பார். நீ சொல்.

கயிறு நம் கடைக் கயிறு, உப்புக் காற்றுக்கு அசையாது. முடிச்சு நான் போட்டது. எல்லாம் பேசி முடிந்த பிறகு அவர் சரி என்றால், நீங்கள் இரண்டு பேருமாக அவிழ்த்துக்கொள்ளுங்கள். துடுப்பு அங்கேயே இருக்கட்டும்.

கேளம்பாக்கம் தாண்டியதும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடு. கஞ்சியை இறக்கச் சொல்கிறேன்.

உன் வழி பார்த்திருக்கும் அண்ணன்,
ஜெயினுலாபுதீன்